தண்ணீரும் தராசும்

மாணவ மாணவியரே,

இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது, தண்ணீர். தண்ணீரைப் பற்றிப் பேச ஒரு சரித்திர ஆசிரியனுக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். ஆற்றங்கரைகளில் நாகரிகங்கள் தோன்றிய கதையைத்தான் இவர் மீண்டும் தொடங்கப் போகிறார் என்று சிலர் கருதவும் கூடும். நான் கூறப்போவது அதுவன்று. ‘தண்ணீரை நிறையக் குடித்தால் உடல் இளைக்கும்’ என்று பலரும் சொல்கிறார்களே, அந்த ஒரு சொல்லின் வரலாற்றையே கூறப் போகிறேன். அரசர்களுக்கு வரலாறு உண்டு. போர்களுக்கு வரலாறு உண்டு. அவற்றைப் போலவே மக்களின் நம்பிக்கைகளுக்கும் வரலாறு உண்டு.

இவ்வாராய்ச்சியில் நான் இறங்கியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில், ஒரு நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். தோழியர் அவளைத் தாங்கி என் அறைக்கு அழைத்து வந்தனர். சற்றுத் தெளிந்ததும், “காலையில் என்ன சாப்பிட்டாய் அம்மா?” என்று கேட்டேன். அவள் தலை குனிந்தாள். “தண்ணீர் மட்டும் குடித்தேன், ஐயா” என்றாள். ஒன்பது நாட்களாக அவள் காலை உணவைத் தொடவில்லை. இரண்டு பெரிய குவளை தண்ணீர் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வந்திருக்கிறாள். பருமனாக இருக்கிறாய் என்று யாரோ கேலி செய்ததன் விளைவு அது. “தண்ணீர் கொழுப்பைக் கரைத்துவிடும் என்று சொன்னார்கள், ஐயா” என்றாள். “யார் சொன்னார்கள்?” என்றேன். “எல்லோருந்தான் சொல்கிறார்கள்” என்றாள்.

‘எல்லோருந்தான்’ என்ற அந்த விடைக்கு அன்று எனக்கு மறுமொழி தெரியவில்லை. வரலாறு கற்பிக்கும் ஒருவன் ‘எல்லோரும்’ என்ற சொல்லோடு நின்றுவிடல் ஆகாது. முதலில் சொன்னவர் யார்? எதை அளந்து சொன்னார்? எந்தச் சூழ்நிலையில் சொன்னார்? இம்மூன்று வினாக்களையும் எழுப்புவதே எங்கள் தொழில். ஓய்வு பெற்ற பின் கிடைத்த நேரத்தில் அவற்றுக்கு விடை தேடினேன். கண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

கதை இத்தாலியில் தொடங்குகிறது. சான்டோரியோ என்ற மருத்துவர் 1561ஆம் ஆண்டு பிறந்தவர். புகழ்பெற்ற பாதுவாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். நம் கிராமங்களில் வெள்ளிக்கோல் என்று ஒரு தூக்குக்கோல் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அதைப் போன்ற பெரியதொரு கோலிலிருந்து ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து அவர் உணவு உண்டார். உண்ட உணவையும், பருகிய நீரையும், உடலினின்று வெளிப்பட்ட கழிவையும் நிறுத்து நிறுத்துக் குறித்துக்கொண்டார். பல ஆண்டுகள் இவ்வாறு செய்து, தாம் கண்டவற்றை 1614இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

அவர் கண்ட உண்மை வியப்புக்குரியது. ஒருவன் ஒரு நாளில் 8 ராத்தல் உணவும் நீரும் உட்கொண்டால், அதில் 5 ராத்தல் அளவு கண்ணுக்குப் புலப்படாமலே உடலை விட்டுப் போய்விடுகிறது என்றார் அவர். கழிவிலும் அது இல்லை. கண்ணுக்குத் தெரியும் வியர்வையிலும் இல்லை. அதனைப் ‘புலப்படா வியர்வை’ என்று அவர் அழைத்தார். தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் ஓயாமல் வெளியேறும் நீராவியே அதில் பெரும்பகுதி என்பதை இன்று நாம் அறிவோம்.

மாணவர்களே, இங்கே ஒரு கணம் நில்லுங்கள். நம் கதை முழுவதற்கும் திறவுகோல் இதில்தான் இருக்கிறது. மனித உடலின் எடையில் பாதிக்கு மேற்பட்டது நீர். அந்த நீர் நாள்தோறும் வருகிறது, நாள்தோறும் போகிறது. எனவே தராசில் எடை குறைந்தால் குறைந்தது கொழுப்பா, நீரா என்பதைத் தராசு சொல்லாது. எவ்வளவு என்று அது சொல்லும். எது என்று சொல்லாது. பின்வந்த பலரும் இடறி விழுந்த இடம் இதுவே.

அடுத்து நாம் செல்ல வேண்டிய இடம், அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்ததாய், இன்று செக் குடியரசில் இருக்கும் சைலீசிய மலைப் பகுதி. அங்கே கிரேஃபன்பெர்க் என்ற சிற்றூரில் 1799ஆம் ஆண்டு வின்சென்ட்ஸ் பிரீஸ்னிட்ஸ் என்பவர் பிறந்தார். அவர் ஓர் உழவர் மகன். மருத்துவம் பயின்றவர் அல்லர். குளிர்ந்த நீர் ஒன்றினாலேயே நோய்களைத் தீர்க்கலாம் என்று அவர் நம்பினார். ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் செல்வரும் பிரபுக்களும் அவரை நாடிச் சென்றனர். ஈரத் துணியால் போர்த்துதல், குளிர்நீரில் ஆடுதல், குவளை குவளையாகக் குளிர்நீர் பருகுதல் என்பன அவருடைய முறைகள். பருத்த உடலோடு சென்றவர் பலர் இளைத்துத் திரும்பினர். தண்ணீரின் மகிமை என்று ஊர் பேசிற்று. நீர் வைத்தியம் நாடெங்கும் பரவிற்று.

ஆனால் அந்த விருந்தினர்கள் அங்கே வேறு என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டாமா? அவர்கள் நாள்தோறும் மலைப் பாதைகளில் நெடுந்தூரம் நடந்தார்கள். முரட்டு ரொட்டியும் பாலும் போன்ற எளிய உணவை உண்டார்கள். நகரத்து விருந்துகளும் மதுவும் அங்கே இல்லை. இவ்வளவும் செய்தபின் உடல் இளைத்தால், அதன் புகழை நீர் ஒன்றுக்கே கொடுத்துவிடுவது எப்படிப் பொருந்தும்? பல காரணங்கள் சேர்ந்து ஒரு விளைவைத் தரும்போது, அவற்றுள் பளிச்சென்று தெரியும் ஒன்றையே காரணமாகக் கொள்வது மனித இயல்பு. அவ்வியல்பிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இதற்குச் சான்றாக இங்கிலாந்தின் வில்லியம் பான்ட்டிங் என்பவரைக் காட்டலாம். இலண்டனில் சவ அடக்கத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து கொடுக்கும் தொழில் அவருடையது. வயது அறுபதைக் கடந்தபோது, குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டவும் அவரால் இயலவில்லை. மாடிப்படியில் பின்புறமாகத் திரும்பித்தான் இறங்குவாராம். எடை 202 ராத்தல், அதாவது ஏறக்குறைய 92 கிலோகிராம். அவரும் தண்ணீரை நம்பியவரே. லெமிங்டன், செல்ட்டன்ஹாம், ஹாரகேட் முதலிய ஊற்றுநீர் ஊர்களுக்குப் பலமுறை சென்று அவ்விடத்து நீரைப் பருகினார். பயன் இல்லை. வெந்நீராவிக் குளியல் எடுத்து ஓராண்டுக் காலம் வியர்வையைச் சிந்தினார். குறைந்தது 6 ராத்தல்தான்.

பின்பு 1862இல் ஹார்வி என்ற மருத்துவர் அவருடைய உணவைத் திருத்தினார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் குறைக்கச் சொன்னார். ஓராண்டில் 46 ராத்தல், அதாவது ஏறக்குறைய 21 கிலோகிராம் குறைந்தது. தம் அனுபவத்தை 1863இல் ஒரு சிறு நூலாக அவர் வெளியிட்டார். அது பெரும் புகழ் பெற்றது. உணவைக் கட்டுப்படுத்தி உடலை இளைக்கச் செய்வதற்கு அவர் பெயரே ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக வழங்கலாயிற்று. நீரும் நீராவியும் செய்யாததை உணவு மாற்றம் செய்தது என்பது அவர் வாழ்க்கை காட்டும் பாடம்.

இனி வரும் பகுதி உங்களுக்கு நகைப்பையும் தரும், சிந்தனையையும் தரும். பிரீஸ்னிட்ஸ் நீரைப் பருகச் சொன்னார் அல்லவா? அரை நூற்றாண்டுக்குள், அதே ஐரோப்பாவில், உடல் இளைக்க வேண்டுமானால் நீரைக் குறையுங்கள் என்ற கட்டளை பிறந்தது! 1880களில் ஜெர்மனியின் மூனிச் நகரத்து மருத்துவர் ஓர்ட்டல் என்பார், பருத்தவர்களின் இதயம் உடலிலுள்ள நீரின் சுமையால் தளர்கிறது என்று கருதினார். ஆகவே பருகும் நீரை அளவாகக் குறைத்து, மேட்டில் ஏறி நடக்கும்படி விதித்தார். ஜெர்மானியப் பிரதமர் பிஸ்மார்க்கின் மருத்துவரான ஷ்வெனிங்கர், உண்ணும்போது நீர் முதலியன பருகுதலையே தடுத்தார். பிஸ்மார்க் பேருண்டியர். 1883 முதல் அவர் அம்மருத்துவரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டார், உடலும் இளைத்தார். அவ்வளவுதான்! பிரதமரையே இளைக்கச் செய்த முறை என்று அதற்குப் புகழ் உண்டாயிற்று.

ஒருவர் குடி என்கிறார். மற்றவர் குடியாதே என்கிறார். இருவரிடமும் சென்றவர்கள் இளைக்கிறார்கள். இஃது எவ்வாறு? இருவரும் உணவைச் சுருக்கினார்கள். இருவரும் நடக்கச் செய்தார்கள். அன்றியும், நீரைக் குறைத்தவர்களின் உடலில் நீர் வற்றியதால் தராசு முதலில் விரைந்து இறங்கிற்று. அவர்கள் அதைக் கொழுப்பு என்று எண்ணி மகிழ்ந்தார்கள்.

உண்ணும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வதுண்டு. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க நாட்டின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஹாக் என்ற அறிஞரும் அவர்தம் மாணாக்கரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நலமுள்ள இளைஞர்களுக்கு உணவோடு நிறைய நீரைக் கொடுத்து ஆராய்ந்தபோது, செரிமானம் கெடவில்லை என்றே கண்டார்கள். வெறுஞ்சொல்லின் இடத்தைச் சோதனை பிடிக்கத் தொடங்கிய காலம் அது.

இப்போது நீங்கள் அனைவரும் கேட்டிருக்கும் ‘நாள் ஒன்றுக்கு எட்டுக் குவளை’ என்ற விதிக்கு வருவோம். 1945இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த உணவுக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர் நீர் போதும் என்று அதில் கூறியிருந்தது. எட்டுக் குவளை விதி இதிலிருந்து கிளைத்திருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர். ஆனால் அதை அடுத்தே அவ்வறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. இந்த நீரில் பெரும்பகுதி நாம் உண்ணும் உணவிலேயே அடங்கியிருக்கிறது என்பதே அது. முன் வாக்கியம் உலகைச் சுற்றி வந்தது. பின் வாக்கியம் ஏட்டிலேயே தங்கிவிட்டது. தேர்வுக்குப் படிக்கும்போது பாதிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு விடை எழுதும் மாணவனை நான் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன். உலகமே அவ்வாறு செய்தால் யார் கண்டிப்பது?

நம் சோற்றையே எண்ணிப் பாருங்கள். வெந்த சோற்றின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். அதன்மேல் குழம்பு, ரசம், மோர் என ஊற்றி உண்கிறோம். வெள்ளரிக்காயும் தர்ப்பூசணியும் பெரும்பாலும் நீரே. ஆதலால் குவளையால் குடிப்பது மட்டுமே நீர் என்று எண்ணுதல் பிழை.

1967இல் ஸ்டில்மன் என்ற அமெரிக்க மருத்துவர், விரைவில் எடையைக் குறைப்பது பற்றி ஒரு நூலை மற்றோர் எழுத்தாளருடன் சேர்ந்து எழுதினார். இறைச்சி, மீன், முட்டை போன்றவற்றை உண்டு, நாள்தோறும் எட்டுக் குவளை நீர் பருக வேண்டும் என்பது அவர் முறை. ‘தண்ணீர்ப் பத்தியம்’ என்றே மக்கள் அதை அழைத்தனர். நூல் இலட்சக்கணக்கில் விற்றது. எடையும் முதல் வாரத்தில் மளமளவென்று குறைந்தது. காரணத்தைக் கேளுங்கள். நம் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் நீர் ஒட்டியிருக்கிறது. சோறு, ரொட்டி, சர்க்கரை ஆகியவற்றை விட்டவுடன் அந்த மாவுப்பொருள் செலவாகிறது; அதனோடிருந்த நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் தராசைவிட்டு இறங்கியதில் பெரும்பங்கு அந்த நீரே. பழைய உணவுக்குத் திரும்பியதும் அது மீண்டு வந்துவிடும்.

தண்ணீர் கொழுப்பைக் கரைக்குமா என்ற கேள்வியை நேராகவே கேட்போம். இதற்கு நீங்கள் ஆய்வுக்கூடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. உங்கள் பௌதிகப் பாடநூல் போதும். ஒரு கிராம் நீரின் வெப்பத்தை ஒரு பாகை உயர்த்த ஒரு கலோரி வேண்டும். நம் ஊரில் பானைத் தண்ணீர் 30 பாகை என்று கொள்வோம். உடலின் வெப்பம் 37 பாகை. வேறுபாடு 7 பாகை. நாள்தோறும் எட்டுக் குவளை, அதாவது 2 லிட்டர் குடித்தால், அதைச் சூடாக்க 2,000ஐ 7ஆல் பெருக்கி வரும் 14,000 கலோரி வேண்டும். உணவுக் கணக்கில் பேசும் பெரிய கலோரியில் அது வெறும் 14. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் அடங்கியதைவிட இது குறைவு. ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 பெரிய கலோரி இருக்கிறது. நாள் ஒன்றுக்கு 14 வீதம் கழித்தால், அந்த ஒரு கிலோவைக் கரைக்க 550 நாட்கள் வேண்டும், ஒன்றரை ஆண்டு! மயங்கி விழுந்த அந்த மாணவி ஒன்பது நாட்கள்தான் காத்திருந்தாள்.

அறிஞர்கள் இதை ஆராயாமலும் இல்லை. 2003இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் சிலர், 14 பேரைக் கொண்டு சோதனை செய்து, அரை லிட்டர் நீர் பருகியபின் உடலின் சக்திச் செலவு 30 விழுக்காடு உயர்ந்தது என்று அறிவித்தனர். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. 2006இல் சுவிட்சர்லாந்தின் ஆராய்ச்சியாளர்கள் வேறொரு கருவியைக் கொண்டு அதைச் சோதித்தனர். சாதாரண வெப்பமுள்ள நீர் சக்திச் செலவை உயர்த்தவில்லை. 3 பாகைக்குக் குளிர்வித்த நீரே சிறிதளவு, அதாவது 4.5 விழுக்காடு, உயர்த்தியது என்று கண்டனர். முதல் செய்தி ஊரெங்கும் பரவிற்று. இரண்டாவது செய்தி சிலர் செவிக்கே எட்டிற்று. 1945இல் கண்ட அதே கதை!

அப்படியானால் தண்ணீரால் பயனே இல்லையா? அவ்வாறு சொன்னால் நானும் பாதிப் பத்தி படித்தவனாவேன். பயன் உண்டு. ஆனால் அது வேறு வழியில் வருகிறது.

2010இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வெளிவந்த ஆய்வு ஒன்றைப் பாருங்கள். 55 முதல் 75 வயதுக்குட்பட்ட பருத்தவர்கள் அனைவருக்கும் அளவான உணவு விதிக்கப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியார் ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்னும் அரை லிட்டர் நீர் பருகினர். பன்னிரண்டு வாரங்களில் நீர் பருகியவர்கள், பருகாதவர்களைவிட ஏறக்குறைய 2 கிலோகிராம் கூடுதலாக எடை இழந்தனர். 2015இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் நடந்த ஆய்வில், ஒரு பகுதியார் உணவுக்கு அரை மணி முன்பு அரை லிட்டர் நீர் பருகினர்; மற்றவர்கள் வயிறு நிறைந்திருப்பதாகக் கற்பனை மட்டும் செய்துகொண்டனர். நீர் பருகியவர்களுக்கு மற்றவர்களைவிட ஒன்றேகால் கிலோ அளவு கூடுதலாக எடை குறைந்தது. நீர் வயிற்றில் இடம் பிடிக்கிறது; உணவு சற்றுக் குறைகிறது; இவ்வளவே. இதிலும் உங்களுக்கு ஒரு செய்தி உண்டு. 2007இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், உணவுக்கு முன் நீர் பருகிய முதியவர்கள் குறைவாக உண்டார்கள். இளைஞர்களோ வழக்கம் போலவே உண்டார்கள். இளமையின் பசியைத் தண்ணீரால் ஏமாற்ற முடியாது. வளரும் உடல் உணவைக் கேட்கிறது. அதற்கு உணவைத்தான் தர வேண்டும்.

இரண்டாவது பயன் இதனினும் பெரிது. கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் பலவற்றில் 300 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. 120 பெரிய கலோரி. எட்டுக் குவளை நீரைச் சூடாக்குவதால் நமக்குச் செலவாவது 14. ஒரு புட்டி இனிப்புப் பானத்தை விலக்குவதால் நாம் தவிர்ப்பது 120. தண்ணீர் தன்னுள் எதுவும் கொண்டிராததே அதன் சிறப்பு. அது வேறொன்றின் இடத்தில் வந்து அமரும்போது நன்மை செய்கிறது.

ஜெர்மனியின் டார்ட்முண்ட், எசன் ஆகிய நகரங்களில் 32 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. 2,950 குழந்தைகள் அதில் பங்கு பெற்றனர். சில பள்ளிகளில் நல்ல குடிநீர்க் குழாய்களை அமைத்து, நீர் பருகுவதன் தேவையைப் பாடமாகவும் நடத்தினார்கள். மற்றப் பள்ளிகளில் ஒன்றும் செய்யவில்லை. ஒரு கல்வியாண்டு கழிந்தது. குழாய் வைத்த பள்ளிகளின் குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு குவளை அளவே கூடுதலாகப் பருகினர். ஆயினும் அவர்களுள் மிகை எடைக்கு ஆளாகும் அபாயம் 31 விழுக்காடு குறைந்திருந்ததாக 2009இல் வெளிவந்த முடிவு தெரிவிக்கிறது. அங்கே யாரும் குழந்தைகளைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. யாரும் அவர்களைக் கேலி செய்யவுமில்லை. நல்ல நீரைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பது பழமொழி. அது தண்ணீருக்கும் பொருந்தும். நலமுள்ள சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரைத்தான் வெளியேற்ற வல்லது. அதற்கு மேல் வேகமாகப் பருகினால் இரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும். 2002இல் பாஸ்டன் நகரத்து நெடுந்தூர ஓட்டத்தில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது மிகுதியாக நீர் பருகி, புறப்பட்டபோது இருந்ததைவிட எடை கூடி வந்தவர்களிடையே அது மிகுதியாகக் காணப்பட்டது. வானொலியில் பேசும் நான் இன்னொன்றையும் மறைத்தல் தகாது. 2007ஆம் ஆண்டு சனவரியில் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் வானொலி நிலையம் ஒன்றே, சிறுநீர் கழிக்காமல் யார் அதிக நீர் பருகுவார் என்று ஒரு போட்டி நடத்திற்று. அதில் கலந்துகொண்ட இளந்தாய் ஒருத்தி அன்றே உயிரிழந்தாள்.

பின் எவ்வளவுதான் குடிப்பது? 2002இல் டார்ட்மத் மருத்துவக் கல்லூரியின் வால்ட்டின் என்ற உடலியல் பேராசிரியர், எட்டுக் குவளை விதிக்கு ஆதாரம் தேடிப் பல நூல்களை ஆராய்ந்தார். மிதமான தட்பவெப்பத்தில் வாழும், கடும் உழைப்பில்லாத, நலமுள்ள வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் அவ்வளவு தேவை என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார். ‘மிதமான தட்பவெப்பம்’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். சித்திரை வெயிலில் பந்தாடும் தமிழ்நாட்டு மாணவனுக்கு அவர் அதைச் சொல்லவில்லை. நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் கூடுதலான நீர் வேண்டும். தாகத்தை மதியுங்கள்; சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகாமல் வெளிறியிருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டும் பெரும்பாலோர்க்குப் போதுமான வழிகாட்டிகள்.

என் பள்ளிக்கே திரும்புகிறேன். அந்தப் பெண்ணின் தாயாரை அழைத்துப் பேசினேன், மருத்துவரிடம் அனுப்பினேன். கேலி செய்தவர்களையும் அழைத்துப் பேசினேன். அதன்பின் ஒரு மாலை, வகுப்பு வகுப்பாகச் சென்று மாணவியரின் தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை காலையில் நிரப்பியபடியே இருந்தன! ஒருத்தி இளைப்பதற்காகத் தண்ணீரையே உணவாகக் கொண்டாள். மற்றவர்களோ நாள் முழுவதும் ஒரு மிடறும் பருகவில்லை. காரணம் கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தமிழாசிரியை அம்மையார்தான் மெதுவாகச் சொன்னார்: “கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று குடிப்பதில்லை, ஐயா.” அந்தக் கழிப்பறையில் தாழ்ப்பாளும் இல்லை, தண்ணீரும் இல்லை. அந்த வழியே பல ஆண்டுகள் நடந்தவன் நான். ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அன்று நான் அடைந்த வெட்கம் இன்றும் நினைவிலிருக்கிறது.

பெற்றோர்களின் உதவியோடு தாழ்ப்பாள் வந்தது, குழாய் வந்தது. பின் புட்டிகள் மாலையில் வெறுமையாகத் திரும்பின. 2019இல் கேரளத்துப் பள்ளிகளில், மாணவர்கள் நீர் பருகுவதற்கென்றே தனி மணி அடிக்கும் முறை வந்ததைக் கேள்வியுற்றபோது மகிழ்ந்தேன். மணி அடித்தால் மட்டும் போதாது, கழிப்பறைக் கதவையும் சரி செய்யுங்கள் என்று சொல்லவும் தோன்றிற்று.

மாணவ மாணவியரே, நான்கு நூற்றாண்டுகளின் கதையைக் கேட்டீர்கள். குடி என்றார்கள், குடியாதே என்றார்கள், எட்டுக் குவளை என்றார்கள். தராசைப் பார்த்துப் பார்த்து மனிதன் பலமுறை ஏமாந்தான். இக்கதையிலிருந்து நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டியவை சிலவே. தாகம் தீரத் தண்ணீர் பருகுங்கள். இனிப்புப் பானத்தின் இடத்தில் அதை வையுங்கள். உணவின் இடத்தில் வைக்காதீர்கள். உடல் எடை பற்றிக் கவலை இருந்தால், தராசோடு தனியே போராடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ‘எல்லோரும் சொல்கிறார்கள்’ என்று யாரேனும் உங்களிடம் சொன்னால், “முதலில் சொன்னவர் யார்? எதை அளந்து சொன்னார்?” என்று பணிவாகக் கேளுங்கள். அந்தக் கேள்வியை அந்தப் பெண்ணுக்கு முன்பே கற்பித்திருக்க வேண்டியவன் நான். காலந்தாழ்த்தியேனும் உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.